பதில் ஸலாம்

ஸஹ்னா ஸலாம் சொல்லத் தொடங்கியபோது அவளுக்கு ஐந்து மாதமும் ஒன்பது நாளும். பால்குடிப் பிள்ளை எப்படி ஸலாம் சொல்லும் என்று கேட்காதீர்கள். வாயால் சொல்லவில்லை, உடம்பால் சொன்னாள். உக்குவளையில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். பார்த்தவர்களும் கொஞ்சம் பேர் இல்லை.

அன்று விடிந்தபோது மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை இருந்த இடமே தெரியவில்லை. கண்டி ரயில் வெறும் சத்தமாக வந்து வெறும் சத்தமாகவே போனது. ஜெஸ்லா பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. கைப்பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த நிலை தெரியும். அறைக்குள் காயப்போட்டிருந்த சாதிக்காயின் வாசனை கனவுக்குள்ளும் வரும், கனவில் வந்த ஆட்கள் எழும்பிய பிறகும் கொஞ்ச நேரம் அறையில் நிற்பார்கள். அப்படி யாரோ நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் ஸஹ்னா கண் விழித்தாள். விழித்ததும் தலை முன்னால் சாய்ந்தது. இரண்டு கையும் அகல விரிந்து நெஞ்சுக்குத் திரும்பின. இடுப்பு மடிந்தது. ஒரு மூச்சு நேரம்தான். தளர்ந்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே மாதிரி.

தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு லொறி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த ஜெஸ்லாவின் புருஷன் றிகாஸ், தேத்தண்ணிக் கோப்பையோடு அறை வாசலில் நின்றான். “ஏய் ஜெஸ்லா! மகள் எனக்கு ஸலாம் சொல்றா!” என்று கத்தினான். கத்தியதோடு நிற்காமல் நெஞ்சில் கை வைத்து, “வஅலைக்குமுஸ்ஸலாம்” என்று பதிலும் சொன்னான். ஸலாம் வந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும், சொன்னது கைப்பிள்ளை என்றால் என்ன? அவள் மூன்றாம் தரம் குனிந்தாள், அவன் மூன்றாம் தரமும் பதில் சொன்னான். பத்துப் பன்னிரண்டு தரம் நடந்தது. கடைசியில் ஸஹ்னா வீல் என்று அழுதாள். பசி என்று பால் கொடுத்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது.

அடுத்த வீட்டில் இருக்கும் றிகாஸின் தாத்தா றிப்கா வந்து பார்த்தாள். நம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்பது தெரிந்ததுதானே. “ஸலாம் இல்லடா தம்பி, இது ருகூஉ. பாரு, தொழுகையில குனியுற மாதிரியே இடுப்பு எப்படி மடியுதுன்னு. தொழுகைக்காரி!” என்றாள். ஸலாமா, ருகூஉவா என்று அக்காவும் தம்பியும் ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினார்கள். ஸலாம் ஜெயித்தது. தெருவில் பாதிப் பேர் வந்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டுப் போனார்கள். றிகாஸ் போனில் படம் பிடித்தான், ஒன்றல்ல இரண்டல்ல, நாளுக்கு நாலு.

அதில் ஒன்றைத்தான் ஜெஸ்லா தன் வாப்பாவுக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் மூன்று தரம் யோசித்தாள். ஏன் யோசித்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜெஸ்லாவின் வாப்பா இத்ரூஸ் ஹாஜியார் மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்பவர். உம்மா இல்லாத பிள்ளையைப் பத்து வயதிலிருந்து தனியாக வளர்த்தவர். லொறிக்காரனுக்குத்தான் வாழ்க்கைப்படுவேன் என்று அந்தப் பிள்ளை நின்றபோது, பெண்ணின் பொறுப்பாளரான வலியாக இருந்து நிகாஹ்வை முடித்துக் கொடுத்தார், அதோடு சரி. மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தபோதும் ஆள் அனுப்பினார், தான் வரவில்லை. மனுஷன் அப்படி. டவுனில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: ஹாஜியார் யாருக்கும் முந்தி ஸலாம் சொல்லமாட்டார். எதிரில் வருபவர் சொல்லும்வரை குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். சொன்னால் பதில் கணீரென்று வரும். முந்திச் சொல்பவருக்குத்தான் நன்மை அதிகம் என்று பள்ளிவாசலில் கேட்டுக் கேட்டு வளர்ந்த மனுஷன்தான். இருந்தும் அந்தக் கழுத்து வளையாது.

வீடியோவுக்குப் பதில் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. இறங்கியது குடை, பின்னால் ஹாஜியார். ஸஹ்னா அப்போதுதான் தூங்கி எழும்பியிருந்தாள். அவரைப் பார்த்து, அதாவது அவர் இருந்த பக்கமாக, குனிந்தாள். இரண்டு கையும் விரிந்து நெஞ்சுக்கு வந்தன. “வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு!” என்று வீடு அதிர முழுசாகச் சொன்னவர், அப்படியே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். “முந்திச் சொல்லிட்டாளே,” என்றார். “எங்கட பேத்தி முந்திச் சொல்லிட்டாளே.” ஜெஸ்லா குசினிக்குள் ஓடிப்போய் அழுதாள். சந்தோஷம் தாங்காமல்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒன்று கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது, அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். ஜெஸ்லாவுக்குத் தெரிந்தது, தெரியாத மாதிரி தெரிந்தது. பின்னேரங்களில் பிள்ளையை ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடத்துவாள். வெளியே பனியும் வெயிலும் மாறி மாறி வரும், முற்றத்துப் பாயில் மிளகு காயும். “ஸஹ்னாக் குட்டி” என்று கூப்பிட்டால் முன்பெல்லாம் கால் இரண்டும் உதறும். இப்போது பிள்ளை அவளைத் தாண்டிப் பார்த்தது. அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல, அந்த யாரோ வெகு தூரத்தில் போய்க்கொண்டிருப்பதுபோல. ஜெஸ்லாவும் திரும்பிப் பார்ப்பாள். சுவர்தான் இருக்கும்.

“மலக்குகளைப் பார்க்கிறா,” என்றாள் றிப்கா. “சின்னப் புள்ளைகளோட மலக்குகள்தான் விளையாடுவாங்க. நீ ஒண்ணுக்கும் பயப்படாத.”

ஜெஸ்லா பயப்படவில்லை. அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டு பிள்ளை பார்த்த திசையையே பார்த்தாள். கண் சொருகும். மிளகுப் பாய்க்கு மேலே வெள்ளையாக ஏதோ அசையும், பனியாக இருக்கும், வானத்து மலக்கின் சிறகாகவும் இருக்கும். அந்தப் பின்னேரங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதுதான் பிறகு அவளைக் கொன்றது.

மிட்வைஃப் ஷிரானி மிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண், ஸ்கூட்டியில் ஏறி இறங்காத மேடு பள்ளம் இந்தப் பக்கத்தில் கிடையாது. நிறை பார்க்கலாம் என்று தராசை எடுக்கும்போது ஸஹ்னா தூக்கத்திலிருந்து எழும்பினாள். “மிஸ் பாருங்க பாருங்க, இப்ப உங்களுக்கு ஸலாம் சொல்லுவா,” என்று ஜெஸ்லா பெருமையோடு தூக்கி உட்காரவைத்தாள். ஸஹ்னா குனிந்தாள். ஜெஸ்லா சிரித்தாள். ஷிரானி மிஸ் சிரிக்கவில்லை. தராசைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எத்தனை நாளா இப்படிச் செய்றா?”

“மூணு கிழமை இருக்கும் மிஸ்.”

“தூங்கி எழும்பினதும்தானா? ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வருமா? முடிஞ்சதும் அழுவாளா?”

“ஓம் மிஸ்.” சிரிப்பு பாதியில் நின்றது.

“இப்ப நீங்க சிரிச்சா அவ சிரிக்கிறாளா?”

ஜெஸ்லா வாயைத் திறந்தாள். பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

“மகள், பயமுறுத்துறதுக்குச் சொல்லல,” என்று ஷிரானி மிஸ் அவள் கையைப் பிடித்தார். “இது ஒரு வகை வலிப்பா இருக்கலாம். வலிப்புன்னா கீழே விழுந்து கைகால் வெட்டணும்னு இல்ல, சின்னப் புள்ளைகளுக்கு இப்படியும் வரும். நான் துண்டு எழுதித் தர்றேன், கண்டிக்கு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கே போங்க.”

ஜெஸ்லா நாளைக்கே போனாளா? போகவில்லை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கண் வைத்துவிட்டுப் போகிறாள் பொம்பளை என்று மனதுக்குள் திட்டினாள். ஸலாம் சொல்லும் பிள்ளையைப் பார்த்து வலிப்பு என்பதா? பிறகு, வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. வாப்பா வருவார். இந்த ஸலாம்தானே அவரைக் கொண்டுவந்தது? இது ஸலாம் இல்லை என்றால் அவர் எதற்கு வருவார்? “உன் இஷ்டத்துக்குக் கட்டினாயே, பார்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? துண்டை மடித்துச் சுவரில் குர்ஆன் வைக்கும் தட்டில் வைத்தாள். றிகாஸிடம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் போனைத் திறந்தாள். பொழுது போகாமல்தான் திறந்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே இருந்து கீழே வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பிள்ளை குனிகிறது, சிரிப்புச் சத்தம், மாஷா அல்லாஹ். இன்னும் பின்னால் போனாள். குனிகிறது, பதில் ஸலாம், றிப்காவின் கைதட்டல். இன்னும் பின்னால். ஒரு வீடியோவில் ஸஹ்னா குனியவே இல்லை. மஞ்சள் சட்டையோடு மல்லாந்து கிடந்து, படம் பிடிக்கிற உம்மாவை நேராகப் பார்த்து, பல்லில்லாத முரசு முழுக்கத் தெரிய, கிக்கிக்கீ என்று சிரித்தாள்.

ஜெஸ்லா அதை நிறுத்தினாள். பக்கத்தில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தாள். அதே மஞ்சள் சட்டை. முகத்தில் ஒன்றும் இல்லை. வெறிச்சோடிக் கிடந்தது. போனில் சிரிக்கிற பிள்ளையும் பாயில் கிடக்கிற பிள்ளையும் வேறு வேறு பிள்ளைகள் என்று ஒரு கணம் தோன்றியது. சிரிக்கிற பிள்ளை எங்கோ போய்விட்டது, அது போகும்போதுதான் ஒவ்வொரு தரமும் குனிந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, இந்த வீடே கைதட்டி அனுப்பிவைத்திருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்தாள். “யா அல்லாஹ், நான் சிரிச்சுக்கிட்டு நின்னேனே,” என்று சத்தமாகவே சொன்னாள்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜியார் தனியாக வரவில்லை. டவுனிலிருந்து மூன்று சினேகிதர்களையும் கூட்டி வந்திருந்தார். நல்லநாள் போல அத்தர் பூசியிருந்தார். “எழும்பட்டும், எழும்பட்டும். அவசரமில்ல,” என்று நாற்காலிகளைத் தொட்டிலைச் சுற்றி இழுத்துப் போட்டார். நாலு பெரிய மனுஷர்கள் ஒரு கைப்பிள்ளை கண் விழிப்பதற்குக் காத்திருந்தார்கள். றிகாஸ் போனோடு நின்றான். ஸஹ்னா கண் விழித்தாள். ஜெஸ்லா அவளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தோளிலேயே அது தொடங்கியது. சின்ன உடம்பு இறுகி, குனிந்து, தளர்வது அவள் நெஞ்சில் பட்டது.

“கீழ வையேன்மா, ஆட்கள் பார்க்கட்டும்,” என்றார் ஹாஜியார்.

“இது ஸலாம் இல்ல வாப்பா.”

“என்னது?”

“ஸலாம் இல்ல. வருத்தம். என் புள்ளைக்கு வலிப்பு வருது. நாங்க எல்லாரும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்கோம்.” பிள்ளையின் முதுகைத் தடவினாள். “அவ சிரிச்சு ஒரு மாசமாகுது வாப்பா. ஒருத்தரும் பார்க்கல. நானே பார்க்கல. நாளைக்குக் காலை ரயில்ல கண்டிக்குக் கொண்டு போறேன்.”

றிகாஸின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. சினேகிதர்கள் மெல்ல எழும்பிச் செருப்பைத் தேடினார்கள். ஹாஜியார் கடைசியாக எழும்பினார். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். த்ரீவீலர் போன சத்தம் கேட்டது. போகட்டும், என்று ஜெஸ்லா நினைத்தாள். எல்லாரும் போகட்டும், இவள் திரும்பி வந்தால் போதும்.

மறுநாள் காலை உக்குவளை ஸ்டேஷனில் பனி இடுப்பளவுக்கு நின்றது. தண்டவாளம் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போனது. பிள்ளையைச் சால்வையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெஸ்லாவுக்கு, இது நடக்கிறதா கனவா என்று சரியாகத் தெரியவில்லை. மாத்தளையிலிருந்து ரயில் வந்து நின்றது. ஏறினார்கள். நடுப் பெட்டியில், ஜன்னலோரம், ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு சீட்டை, ஒன்றில் குடையும் ஒன்றில் பையுமாக வைத்துப் பிடித்திருந்தார்.

“உட்காரு,” என்றார். “மருமகன், நீங்களும் உட்காருங்க.” றிகாஸை மருமகன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கண்டி வரும்வரை அவர் உதடு ஓதிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மூளை, நரம்பு பார்க்கும் டொக்டர் ஒரு சிங்களப் பெண். சின்னக் குரல், கெட்டிக்காரக் கண். அவர் பார்த்த நேரம் ஸஹ்னா ஒன்றும் செய்யவில்லை, சும்மா கிடந்தாள். “வீடியோ எடுத்தீங்களா?” என்று கேட்டார். றிகாஸ் போனை நீட்டினான். நீட்டியபோது அவன் காது மடல் சிவந்தது.

டொக்டர் பார்த்தார். குனிவது ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த வீட்டின் சத்தம் வார்டுக்குள் கேட்டது. சிரிப்பு, கைதட்டல், றிகாஸின் பதில், ஹாஜியாரின் கணீர்க் குரல். நாலு பேரும் தலை குனிந்து நின்றார்கள், றிப்காவும் பின்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தாள். எவ்வளவு வீடியோ, ஒன்றுகூட மிச்சமில்லாமல் பார்த்தார். கடைசியில், “இவ்வளவு தெளிவா ஒருத்தரும் எனக்குக் கொண்டுவந்து தந்ததில்ல,” என்றார். “என்னைக்குத் தொடங்கினதுன்னு நாளோட இருக்கு. இது பெரிய உதவி.”

“நாங்க ஸலாம்னு நெனச்சோம்,” என்றாள் ஜெஸ்லா. சொல்லாமல் இருக்க முடியவில்லை அவளுக்கு.

“பழைய வைத்தியப் புத்தகங்கள்லயும் இதுக்கு ஸலாம் வலிப்புன்னு ஒரு பேர் இருக்கு. படிச்ச டொக்டர்மாருக்கே அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதுல என்ன பிழை?” என்றார் டொக்டர். பிறகு நேராகவே பேசினார். திங்கட்கிழமை தலையில் வயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பார்ப்பார்கள். மருந்து உடனே தொடங்கவேண்டும். பிள்ளைக்குப் பசி எடுக்கும், முகம் ஊதும், சிணுங்குவாள், அதற்குப் பயப்படக்கூடாது. எத்தனை தரம் வருகிறது என்று தினமும் எழுதிவைக்கவேண்டும். நின்றுவிடலாம். “நின்ன பிறகு சிரிப்பாளா?” என்று ஜெஸ்லா கேட்டாள். “சில புள்ளைகள் நல்லா வர்றாங்க. சில புள்ளைகளுக்குக் காலம் எடுக்கும். சிலருக்கு முழுசா வர்றதில்ல. இப்ப நான் வாக்குக் கொடுத்தா அது பொய்,” என்றார். அந்த மனுஷி பொய் சொல்லாததற்காகவே ஜெஸ்லா அவரை நம்பினாள்.

பத்து நாளில் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹாஜியாரும் கூடவே வந்துவிட்டார், கடையைப் பூட்டிச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு. ஜெஸ்லா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். முதல் நாள் நாற்பத்தொன்று. பிறகு முப்பத்தாறு. இருபது. மறுபடி இருபத்தைந்து, அன்றைக்கு ஒருவரும் சோறு தின்னவில்லை. பிறகு ஒன்பது. நாலு.

பிள்ளை குனியும் ஒவ்வொரு தரமும் ஹாஜியார் பக்கத்தில் உட்கார்ந்து, “வஅலைக்குமுஸ்ஸலாம்” என்று மெதுவாகச் சொன்னார். “இன்னும் என்னத்துக்கு வாப்பா?” என்று ஜெஸ்லா ஒருநாள் சீறிவிட்டாள். “உனக்கும் சாந்தி உண்டாகட்டும்னுதானே மகள் அதுக்கு அர்த்தம்,” என்றார் அவர். “இந்தப் புள்ளைக்கு இப்ப அதைவிட வேற எதைக் கேட்கிறது?”

ஒரு காலை ஸஹ்னா கண் விழித்தாள். ஜெஸ்லா பென்சிலோடு இருந்தாள். பனி ஜன்னல் வரை வந்திருந்தது. காத்திருந்தார்கள். தலை சாயவில்லை. கை விரியவில்லை. கண்டி ரயில் வந்து போனது. பிள்ளை ஊதிப்போன கன்னத்தோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒன்றும் வரவில்லை. பின்னேரத் தூக்கத்திலும் வரவில்லை. மறுநாளும் தாளில் சுழியம்தான் விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீடு மையத்து எடுத்துப்போன வீடு மாதிரி அமைதியாகக் கிடந்தது. குனிவது போய்விட்டது, சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் உள்ளே இருப்பது யார்? அதை ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் அதையே நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, ஸஹ்னா விழித்துக் கொஞ்ச நேரம் கழிந்து, ஹாஜியார் நாற்காலியிலிருந்து எழும்பினார். தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, கீழே மண்டியிட்டார். அறுபத்தெட்டு வருஷம் எவருக்கும் முந்தி வளையாத கழுத்து வளைந்தது. கையை நெஞ்சில் வைத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், மகள்,” என்றார்.

பதில் இல்லாத ஸலாமைக் கேட்டுப் பழகாத றிப்கா, பிள்ளைக்காகத் தான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஜெஸ்லா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “வேணாம் மயினி. அவளுக்குச் சொன்னது.”

“அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றார் மறுபடியும், இன்னும் குனிந்து, தாடி தொட்டில் கம்பியில் பட. மூன்றாம் தரமும் சொன்னார்.

ஸஹ்னாவின் கண் ஜன்னலை விட்டது. மெதுவாக, வெகு தூரத்திலிருந்து நடந்து வருகிற ஆள் மாதிரி, பார்வை அறைக்குள் வந்தது. குடையில் பட்டு, கம்பியில் பட்டு, வெள்ளைத் தாடியில் வந்து நின்றது. தாடியிலிருந்து ஏறி அவர் கண்ணுக்குப் போனது. அங்கேயே இருந்தது. ஊதிய கன்னத்தின் ஓரத்தில், உதட்டு முனை ஒன்று அசைந்து மேலே போனது. மற்றது போகவில்லை. பாதிதான்.

றிகாஸின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. “போன் வேணாம்,” என்றாள் ஜெஸ்லா. “சும்மா பாருங்க.” அவன் கையை எடுத்துவிட்டான்.

ஹாஜியார் எழும்ப முயலவில்லை. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்தபடியே, கண்ணீர் தாடிக்குள் இறங்க, “சொல்லிட்டா,” என்றார். “புள்ள பதில் சொல்லிட்டா.”